எண்பதாம் எண் கதவு

விலாசம் என்னும் சொல் சிறியது. அதன் பயனோ பெரிது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோருக்கு அதன் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுலை எனப் பதுளையைச் சூழ்ந்து கிடக்கும் மலைகளில் எத்தனையோ தோட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு தோட்டத்திலும் பல டிவிஷன்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் வரிசை வரிசையாய் லயங்கள். ஒவ்வொரு லயத்திலும் பல காம்பராக்கள். ஆயினும் நெடுங்காலமாக இத்தனை குடும்பங்களுக்கும் கடித உறையில் எழுதப்பட்டு வந்தது ஒரே வகை விலாசந்தான். ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர் என்னும் இம்மூன்றோடு விலாசம் முடிந்துவிடும். லயத்துக்கு எண் உண்டு. காம்பராவுக்கும் எண் இருக்கலாம். ஆனால் அவை உறையில் ஏறுவதில்லை.

இதன் விளைவு யாதெனின், கடிதம் யாவும் முதலில் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேரும். அங்கிருந்து அது ஆள் கை மாறி, மலை ஏறி, லயத்தை அடைதல் வேண்டும். ஒரே பெயருடையார் நால்வர் இருப்பின் அது நால்வர் கையிலும் உலவும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்த பின்னர் கிடைத்தது என்னும் முறைப்பாடு மலையகத்திற் புதியதன்று. வங்கியின் கடிதம், பல்கலைக்கழகத்தின் கடிதம், வழக்கு மன்றத்தின் கட்டளை ஆகியவை அனைத்தும் இதே வழியிற் சென்று தாமதித்துள்ளன. சில தொலைந்தும் போயுள்ளன. பல தோட்டங்களில் இந்நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. வீட்டுக்கு ஓர் எண், வீதிக்கு ஒரு பெயர், குடும்பத்துக்கு ஒரு தனி விலாசம் என்பது மலையக மக்களின் நியாயமான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்து வருகின்றது.

இவ்வாரம் நாம் பேசப் புகுந்த விஷயம் கணினியைப் பற்றியது. ‘அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று வாசகர்கள் வினவலாம். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க முற்பட்ட அறிஞர்கள் ஏறக்குறைய இதே இடர்ப்பாட்டையே எதிர்நோக்கினார்கள். அதனை அவர்கள் தீர்த்த வகையை அறிந்தால், வலைத்தளம் அமைக்க விரும்பும் மாணவர்களுக்கு அது ஒரு பாடமாகும். மற்றையோருக்கு அது ஓர் எண்ணத்தையேனும் தரும்.

தோட்டமும் காம்பராவும்

இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ‘ஐ.பி. விலாசம்’ என்னும் ஓர் எண் உண்டு. அது தோட்டத்தின் பெயரைப் போன்றது. ஆனால் ஒரு கணினியினுள்ளே ஒரே சமயத்திற் பல நிரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்று அஞ்சலை ஏற்கும். ஒன்று வலைப்பக்கங்களை வழங்கும். ஒன்று கோப்புகளைக் கொடுத்து வாங்கும். வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால் அது இவற்றுள் எதற்கு உரியது? ஐ.பி. விலாசம் மட்டும் இருந்தால், தோட்டத்தின் பெயர் மட்டும் எழுதிய கடிதத்தின் கதைதான் அதற்கும் நேரும்.

ஆதலின் ஒவ்வொரு செய்தியின் மேலும் இன்னோர் எண்ணையும் எழுதுவது என்று வகுத்தார்கள். அதுவே ‘போர்ட்’. இதனைச் சிலர் ‘துறை’ என்று மொழிபெயர்ப்பர். அது கேட்டுக் கொழும்புத் துறைமுகத்தை நினைந்து மயங்க வேண்டா. இலத்தீன் மொழியில் ‘போர்த்துஸ்’ என்பது துறைமுகம். ‘போர்த்தா’ என்பது வாயில். கணினியின் போர்ட் வாயிலைப் போன்றதே. எனவே இக்கட்டுரையில் நாம் அதனைக் ‘கதவு’ என்றும் ‘கதவெண்’ என்றும் வழங்குவோம். ஒரு கணினியில் 0 முதல் 65,535 வரை கதவெண்கள் உண்டு. பதினாறு இரும இலக்கங்களால் எழுதத்தக்க எண்கள் இவ்வளவே.

எண் வழங்கிய மனிதர்

எந்த நிரலுக்கு எந்தக் கதவு என்பதை யாரேனும் ஒருவர் குறித்து வைத்தல் வேண்டுமன்றோ? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாணவராக இருந்த ஜோன் போஸ்ரல் என்பார் 1972 மே மாதத்தில், இவ்வெண்களை முறையாக வழங்க ஒருவர் வேண்டும் என்று முன்மொழிந்து, அப்பொறுப்பைத் தாமே ஏற்கவும் முன்வந்தார். 1998 அக்டோபரில் அவர் காலமாகும் வரை அப்பதிவேடு பெரும்பாலும் அவர் கைப்பட்டதாகவே இருந்தது. ‘ஐயானா’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமைப்பு இன்று அதனைப் பேணுகின்றது. 0 முதல் 1,023 வரையுள்ளவை எல்லாரும் அறிந்த பொதுச் சேவைகளுக்கு உரியவை. 1,024 முதல் 49,151 வரையுள்ளவை விண்ணப்பித்துப் பதிவு செய்யத்தக்கவை. எஞ்சியவை தற்காலிகப் பயனுக்கு உரியவை.

1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா நகரருகே உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பேர்ணர்ஸ் லீ உலகளாவிய வலையின் முதற் சேவையகத்தை இயக்கினார். 1992 ஜூலையில் வெளியான எண் பட்டியலில் வலைக்கு 80ஆம் எண் இடம்பெற்றுள்ளது. செய்தியைப் பூட்டி அனுப்பும் எச்.ரி.ரி.பி.எஸ். முறைக்கு உரிய 443ஆம் எண் 1994 அக்டோபர்ப் பட்டியலில் வந்தது. 1995இல் பின்லாந்து நாட்டவரான தாத்து இலோனென் என்பார், தூரத்துக் கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் நிரலை ஆக்கியபோது, 21க்கும் 23க்கும் இடையே வெறுமையாய்க் கிடந்த 22ஐத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்றார். எண் ஒன்றைக் கேட்டவருக்கு எண் கிடைத்தது. அதற்காக அவர் எவர் வாசலிலும் ஆண்டுக்கணக்கிற் காத்து நிற்கவில்லை.

நாம் உலாவியில் ஒரு தளத்தின் பெயரை எழுதும்போது கதவெண்ணை எழுதுவதில்லை. எழுதாதவிடத்து, எச்.ரி.ரி.பி. எனில் 80 என்றும், எச்.ரி.ரி.பி.எஸ். எனில் 443 என்றும் உலாவி தானே கொள்ளும். இவையே வழக்கமான கதவுகள். வேறு கதவு வேண்டுமாயின், தளத்தின் பெயரை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட்டு, அதன்பின் எண்ணை எழுதுதல் வேண்டும். அங்ஙனம் எழுதாவிடின் உலாவி வழக்கமான கதவையே தட்டும். அங்கே எவரும் இல்லையாயின் ‘தளம் கிடைக்கவில்லை’ என்று கூறிவிடும். தளம் பக்கத்துக் கதவிலே நலமாக இயங்கிக்கொண்டிருப்பதை அது அறியாது.

கதவை மாற்ற வேண்டுவது ஏன்?

வழக்கமான கதவு இருக்க, வேறொன்றைத் தேடுவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அக்கதவில் வேறொருவர் குடியிருத்தல். ஒரு கதவில் ஒரே சமயத்தில் ஒரு நிரலே செவிசாய்த்து நிற்கலாம் என்பது பொது விதி. இதற்கு வேடிக்கையான சான்று ஒன்றுண்டு. 2025 மே மாதத்தில் மூடப்பட்ட ‘ஸ்கைப்’ என்னும் தொலைபேசி நிரல், தன் பழைய பதிப்புகளில் 80, 443 என்னும் இரு கதவுகளையும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கெனத் தானே பிடித்துக்கொண்டது. தம் கணினியில் அப்பாச்சி என்னும் வலைச் சேவையகத்தை நிறுவிய மாணவர் பலர், அது எழ மறுப்பதைக் கண்டு திகைத்து, ஈற்றில் ஸ்கைப்பே காரணம் என்று கண்டறிந்தனர்.

இரண்டாவது, அதிகாரம். லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகளில் 1,024க்குக் குறைந்த கதவுகளைத் திறக்கச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் இல்லாத மாணவர் 8080 போன்ற பெரிய எண்ணை நாடுகின்றார். ‘டொம்கற்’, ‘சோப்’ முதலிய சேவையகங்களும், சோப்பின் மேல் எழுந்த ‘புளோன்’ என்னும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையும் தொடக்கத்திலேயே 8080ஐத் தமக்கு இயல்பான கதவாகக் கொண்டமைக்கு இந்த வசதியும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, சோதனை. நடைபெற்றுக்கொண்டிருக்கும் தளத்தைக் குலைக்காமல், அதன் புதிய பிரதியை வேறொரு கதவில் வைத்துப் பார்த்துப் பிழை நீக்குதல் அறிவுடையோர் வழக்கம்.

ஒரு பாடசாலையை எண்ணிக்கொள்வோம்

லுணுகலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை இருப்பதாகக் கற்பனை செய்வோம். பாட்டன் பாட்டியர் வாய்மொழியாகச் சொல்லும் பழங்கதைகள், தோட்டங்களுக்கு மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்கள், காமன் கூத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றைத் தொகுத்து வலைத்தளம் ஒன்றில் வைக்க மாணவர்கள் விரும்புகின்றார்கள். பாடசாலையில் உள்ள ஒரே நல்ல கணினியில் 80ஆம் கதவை வேறொரு நிரல் பிடித்துக்கொண்டுள்ளது. எனவே வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையை 8080ஆம் கதவில் நிறுவ முடிவு செய்கின்றார்கள். அவர்கள் செய்யத்தக்கன ஐந்து.

ஒன்று: எண்ணைத் தெரிதல். ‘நெற்ஸ்ராற்’ என்னும் கட்டளையால் எந்தக் கதவில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்து, வெறுமையான எண்ணைக் கொள்ளுதல் வேண்டும். எல்லா எண்ணும் நல்ல எண் அன்று. 6000, 6667 போன்ற சில கதவுகள் வேறு சேவைகளுக்கு உரியவை ஆதலின், பாதுகாப்புக் கருதி உலாவிகளே அவற்றுக்குச் செல்ல மறுக்கும். 8080, 8000, 8888 போன்றவை சாதாரணமாக இடையூறு செய்வதில்லை.

இரண்டு: சேவையகத்துக்குச் சொல்லுதல். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ‘லிசின் 80’ என்றிருக்கும் வரியை ‘லிசின் 8080’ என்று மாற்ற வேண்டும். லிசின் என்றால் செவிசாய்த்திரு என்பது பொருள். தளத்துக்கென வரையப்பட்ட பகுதியிலும் 80 என்றிருந்தால் அதனையும் மாற்றிய பின்னரே சேவையகத்தை நிறுத்தி மீண்டும் எழுப்ப வேண்டும். ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மறந்தால், கதவு திறந்திருக்கும். ஆனால் உள்ளே வேறு பக்கம் தோன்றும்.

மூன்று: முறைமைக்குச் சொல்லுதல். இங்கேதான் பலர் இடறுகின்றனர். உள்ளடக்க முகாமைத்துவ முறைமை தன் விலாசத்தைத் தன் தரவுத்தளத்திலோ அமைப்புக் கோப்பிலோ தானே எழுதி வைத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸில் தளத்தின் விலாசத்தைக் குறிக்கும் கட்டங்கள் இரண்டுண்டு. மீடியாவிக்கியில் அதன் அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் பெயரைக் குறிக்கும் வரி ஒன்றுண்டு. இவற்றில் 8080ஐச் சேர்க்காவிடில், வாசகர் 8080ஆம் கதவால் உள்ளே வந்தாலும், வேர்ட்பிரஸ் அவரைப் பழைய 80ஆம் கதவுக்கே திருப்பி அனுப்பிவிடும். படங்கள் தோன்றா, நிர்வாகி உள்நுழைய முயன்றால் வேறிடத்துக்குப் போய் நிற்பார். புது வீட்டுக்குக் குடிபோன ஒருவர், வருவோரிடமெல்லாம் பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருப்பதை ஒக்கும் இது.

நான்கு: தீச்சுவரைத் திறத்தல். கணினியின் தீச்சுவர் அறியாத கதவுகளை அடைத்து வைப்பது அதன் கடமை. 8080ஐ அனுமதிக்குமாறு அதற்குக் கட்டளையிட வேண்டும்.

ஐந்து: வேறொரு கணினியிலிருந்து பார்த்தல். தளம் இருக்கும் கணினியிலேயே பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று மகிழ்தல் போதாது. 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைக்கும் விலாசம். சேவையகம் அவ்விலாசத்தில் மட்டும் செவிசாய்த்திருந்தால், வீட்டுக்காரர் தம் கதவைத் தாமே உள்ளிருந்து தட்டித் தாமே ‘வருக’ என்று சொல்லிக்கொள்வது போலாகும். அடுத்த மேசைக் கணினியிலிருந்து பக்கம் தோன்றினால் மட்டுமே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

பாடசாலைக்கு வெளியே

இவ்வைந்தும் முறையாக நிறைவேறின. பாடசாலையின் கணினி அறையில் எல்லாரும் தளத்தைப் பார்க்கின்றார்கள். ஆயினும் மாலையில் வீடு திரும்பிய மாணவி தன் தந்தையின் கைத்தொலைபேசியில் அதே விலாசத்தை எழுதினால் ஒன்றும் தோன்றவில்லை. பதுளை நகரிலுள்ள காரியாலயமொன்றில் வேலை செய்யும் அவளுடைய மாமா முயன்றாலும் பயனில்லை. ஏன்?

பாடசாலை இணையத்தோடு ‘வழிப்படுத்தி’ என்னும் கருவி மூலம் இணைந்துள்ளது. வெளியுலகுக்குத் தெரிவது அக்கருவியின் விலாசமே. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உள்ளேயிருக்கும் எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று அதற்கு எவரும் சொல்லவில்லை. சொல்லிவைத்தாலும், பல காரியாலயங்களும் கல்வி நிலையங்களும் தம்மவர்கள் 80, 443 ஆகிய இரு கதவுகளுக்கு மட்டுமே வெளியே செல்லலாம் என்று கட்டுப்பாடு விதித்திருக்கும். மாமாவின் காரியாலயத்திலிருந்து 8080க்கு வழியே இல்லை. அனைத்துக்கும் மேலாக, முக்காற்புள்ளியும் எண்ணும் சேர்ந்த விலாசத்தை ஒரு பாட்டிக்குத் தொலைபேசியிற் சொல்லி எழுதச் செய்வது எளிதன்று. பாட்டியின் கதையைக் கொண்ட தளத்தைப் பாட்டியே பார்க்க இயலாது போவது எத்துணை வருந்தத்தக்கது!

இதற்குத் தக்க பரிகாரம் ‘ரிவேர்ஸ் புரொக்சி’ என்னும் ஏற்பாடாகும். இதனை வாயிற்காவலர் என்று கொள்ளலாம். 80, 443 என்னும் முன்வாயில்களில் அவர் நிற்பார். வருவோர் எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லுகின்றனரோ அதற்கேற்ப, 8080இல் இருக்கும் வேர்ட்பிரஸுக்கோ, வேறு கதவில் இருக்கும் மற்றொரு நிரலுக்கோ கோரிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, விடையைப் பெற்று வந்து தருவார். வருவோர் உள்ளிருக்கும் எண்ணை அறிய வேண்டுவதே இல்லை. ரஷ்யரான இகோர் சிசோயேவ் 2004இல் வெளியிட்ட ‘என்ஜின்-எக்ஸ்’ இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அப்பாச்சியும் இதனைச் செய்யவல்லது. நம் பாடசாலைக் கணினியில் 80ஐப் பிடித்துள்ள பழைய நிரலை உள்ளே வேறோர் எண்ணுக்கு நகர்த்திவிட்டு, முன்வாயிலைக் காவலரிடம் ஒப்படைத்தால் இருவருக்கும் இடமுண்டு.

காவலரை நியமித்தபின் கவனிக்க வேண்டுவன இரண்டு. முறைமையின் விலாசக் கட்டங்களில் இப்போது 8080 இருத்தல் ஆகாது. வெளியார் எழுதும் விலாசமே இருத்தல் வேண்டும். வந்தவர் எந்தப் பெயரைச் சொன்னார், பூட்டிய வழியில் வந்தாரா என்பவற்றைக் காவலர் உள்ளே தெரிவிக்குமாறு செய்தலும் வேண்டும். இல்லையேல் முறைமை அவரை ஓயாது திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அதன்பின் 8080ஆம் கதவை 127.0.0.1இல் மட்டும் செவிசாய்க்க விடலாம். முன்னர்க் குறையாகத் தோன்றிய அது இப்போது காப்பாகின்றது. வெளியார் எவரும் காவலரைத் தாண்டி நேரே உள்ளே வர இயலாது.

தளத்தைப் பூட்டிய வழியில் வழங்குவதற்கு வேண்டிய சான்றிதழை 2015 முதல் ‘லெற்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகின்றது. தளம் நம்முடையதுதானா என்று அது சோதிக்கும் வழக்கமான முறை 80ஆம் கதவைத் தட்டிப் பார்ப்பதே. பெயர்ப் பதிவின் மூலம் நிரூபிக்கும் வழி போன்ற வேறு வழிகளும் உண்டெனினும், முன்வாயில் நம் கையில் இருப்பதன் பயனை இதனாலும் அறியலாம்.

மறைத்த கதவு பூட்டிய கதவன்று

‘எவருக்கும் தெரியாத எண்ணில் வைத்துவிட்டால் கள்வர் வரமாட்டார்’ என்று எண்ணுவாரும் உளர். இது பிழை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ‘இசட்மாப்’ என்னும் கருவியை வெளியிட்டனர். நான்காம் பதிப்பு ஐ.பி. விலாசங்கள் அனைத்திலும் குறித்த ஒரு கதவு திறந்துள்ளதா என்பதை ஒரே கணினியைக் கொண்டு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க அது வல்லது. ஆய்வாளர்கள் செய்யவல்லதைத் தீயோரும் செய்வர் அன்றோ? எண்ணை மாற்றினால் குருட்டுத்தனமாகத் தட்டிச் செல்லும் நிரல்களின் தொல்லை ஓரளவு குறையும், அவ்வளவே. நீண்ட கடவுச்சொல், முறைமையின் அண்மைப் பதிப்பு, செருகு நிரல்களைக் குறைவாகக் கொள்ளுதல், வேறிடத்தில் ஒரு பிரதி வைத்தல் ஆகியவையே மெய்யான காவல்கள்.

இத்தகைய முயற்சி மலையகத்துக்கு எட்டாக்கனி அன்று. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் எவரும் பொருள் செலவின்றிப் படிக்க வைத்துள்ளது. மலையகத்தவர் எழுதிய நூல்களும் நடத்திய இதழ்களும் அங்கே உள்ளன. அது இயங்குவது மேலே கூறிய மீடியாவிக்கி என்னும் இலவச முறைமையில்தான். அங்குச் செல்லும் மாணவர் எவரும் எந்தக் கதவெண்ணையும் எழுதுவதில்லை. பெயரை எழுதினால் நூல் முன்னே வருகின்றது. 2010இல் ‘.இலங்கை’ என்னும் தமிழ் உயர்நிலைப் பெயரும் நம் நாட்டுக்குக் கிடைத்தது. ஆதலின் தளத்தின் பெயரை முற்றாகத் தமிழிலேயே எழுதவும் இயலும். பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுள்ளது. கருவியும் உண்டு, கற்கும் இடமும் உண்டு. தோட்டங்களின் வாய்மொழிக் கதைகளைத் தொகுக்கும் கைகளே வேண்டும். சொல்லவல்ல முதியோர் நம்மோடு இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.

ஒரு விலாசம், பல வீடுகள்

முடிவாக ஒன்று கூற விரும்புகின்றோம். தோட்டத்தில் நூறு குடும்பங்களுக்கு ஒரே விலாசம் என்றால் கடிதம் தவறுவது இயல்புதானே என்று சிலர் சமாதானம் கூறுவர். கணினி உலகம் அதனை மறுக்கின்றது. இன்று ஒரு வீட்டில் ஐந்து கைத்தொலைபேசிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது வழிப்படுத்தியின் ஒரே விலாசமாக இருக்கலாம். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல, எத்தனையோ வாடிக்கையாளரை ஒரே வெளி விலாசத்தின் பின்னே வைத்துள்ளன. ஆயினும் அக்காளுக்கு வரும் செய்தி தம்பியின் தொலைபேசிக்குப் போவதில்லை. ஏனெனில் வெளியே செல்லும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கதவெண் இடப்படுகின்றது. அவ்வெண் யாருடையது என்பதை வழிப்படுத்தி ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்கின்றது. விடை வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கின்றது. விலாசம் ஒன்றாயிருப்பது குற்றமன்று. கதவுக்கு எண் இடாததும், இட்ட எண்ணை எழுதாததும், எழுதியதைப் பார்த்துச் சேர்ப்பிக்காததுமே குற்றம்.

சில நொடிகள் மட்டும் வாழ்ந்து மறையும் ஒரு கணினிச் செய்திக்கு இத்துணைக் கவனமாக எண் வழங்கி அதனை உரியவரிடம் சேர்ப்பிக்க மனிதர் கற்றுள்ளனர். தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்துவரும் குடும்பத்துக்கு ஓர் எண்ணை வழங்கி, அதனை உறையில் எழுதச் செய்து, கடிதத்தை அவ்வாயிலிலே சேர்ப்பிப்பது அதனினும் கடினமான காரியமாகுமா? தளம் அமைக்கும் மாணவர்கள் தம் தளத்தின் கதவை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கட்டும். கடிதம் அனுப்புவோரும் சேர்ப்பிப்போரும் லயத்தின் கதவையும் அவ்வண்ணமே வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்ப்பாராயின் நன்று.